சிம்ப்சன் பாலைவனம், பிரெஞ்சு லைன்: மாற்றங்கள் செய்த பிராடோ 150 தயாரா?

#1 தென்காற்று

அனைவருக்கும் வணக்கம். ஆகஸ்ட் இரண்டாம் வாரம் ஆஸ்திரேலியாவின் சிம்ப்சன் பாலைவனத்தை மேற்கே மவுண்ட் டேரில் இருந்து கிழக்கே பேர்ட்ஸ்வில் வரை, பிரெஞ்சு லைன் என்ற மணல் பாதை வழியாகக் கடக்கத் திட்டம். ஐந்து நாள். மூன்று வண்டி: என் டொயோட்டா பிராடோ 150, ஒரு ஹைலக்ஸ், ஒரு லேண்ட்க்ரூஸர் 200. என்னோடது 2.8 டீசல், ஆட்டோ கியர், 150 லிட்டர் டேங்க் (87 + 63).

செய்திருக்கிற மாற்றங்கள்: 50 மி.மீ உயர்த்திய சஸ்பென்ஷன், பின்னால் கனமான ஸ்பிரிங், எல்டி (இலகு டிரக் வகை) 265/70ஆர்17 டயர், ஸ்டீல் புல்பார், வின்ச் (வடம் சுற்றி வண்டியை இழுக்கும் கருவி), அடித்தகடு, இரண்டாவது பேட்டரி, டிக்கியில் டிராயர், கூரையில் ரேக், அதன் மேல் டென்ட். வண்டியில் நாங்கள் நாலு பேர்.

கேள்வி மூன்று. பின் டிஃப்புக்கு (டிஃபரென்ஷியல்) லாக்கர், அதாவது இரண்டு பின் சக்கரமும் சேர்ந்தே சுற்ற வைக்கும் பூட்டு, போடலாமா? பணம் ஒதுக்கி வைத்திருக்கிறேன். டயரில் காற்றழுத்தம் எத்தனை பிஎஸ்ஐ? கூரையில் டீசலுக்கு இரண்டு ஜெர்ரி கேன் போதுமா, மூன்று வேணுமா?

#2 மணல்மேடு

தம்பி, லாக்கர் காசை அப்படியே வைங்க. இந்தப் பாதையில் 1,100-க்கும் மேல மணல்மேடு இருக்கு. ஒண்ணுகூட லாக்கர் இல்லாததால ஏற முடியாத மேடு இல்லை. ஏற விடாம பண்றது ரெண்டே விஷயம்: வண்டியோட எடை, டயர்ல இருக்கிற காற்று. நீங்க எழுதின மாற்றங்களில் டயரையும் சஸ்பென்ஷனையும் தவிர மீதி எல்லாமே எடையைக் கூட்டுறது. மொத்த எடை எவ்வளவுன்னு நீங்க எழுதவே இல்லை.

மத்த பதிலுக்கு முன்னாடி அந்தக் கணக்கைப் போடுங்க. ஒவ்வொரு பொருளுக்கும் கிலோ. ஆளையும் சேர்த்து.

#3 தென்காற்று

போட்டுப் பார்த்தேன் அண்ணா. புல்பாரும் வின்ச்சும் 95, அடித்தகடு 30, பேட்டரியும் தட்டும் 28, டிராயர் 65, நிறைத்த ஃப்ரிட்ஜ் 45, ரேக் 30, கூரை டென்ட் 60, ரெண்டு ஜெர்ரி கேன் டீசலோடு 42, ரேக் மேல இரண்டாவது ஸ்டெப்னி 36, தண்ணீர் 80, சாப்பாடு துணிமணி முகாம் சாமான் 110, மீட்புச் சாமானும் டூல்ஸும் 55, ஆள் நாலு பேர் 270. கூட்டினா 946 கிலோ.

கெர்ப் எடை (சுமை ஏற்றாத வண்டி) 2,325. ஜிவிஎம் (ஏற்றிய வண்டிக்கு அனுமதித்த மொத்த எடை) 2,990. அனுமதி 665 கிலோ.

#4 மணல்மேடு

281 கிலோ அதிகம். கூரையை மட்டும் தனியா கூட்டுங்க: 30 + 60 + 42 + 36 = 168. பிராடோ கூரைக்குத் தார்ச்சாலையிலேயே 80 கிலோதான் அனுமதி, அதுவும் ரேக்கைச் சேர்த்து. கரடுமுரடான பாதையில் அதைவிடக் குறைச்சு வைக்கச் சொல்லி ரேக் செய்யறவங்களே கையேட்டில் போட்டிருப்பாங்க.

கூரைச் சுமை ஏன் இங்க இவ்வளவு மோசம்னா, பிரெஞ்சு லைன் நேர்கோடு. 1960களில் பிரெஞ்சு பெட்ரோலியம் கம்பெனி எண்ணெய் தேடறப்போ புல்டோசரால் வெட்டின கோடு அது. மேட்டைச் சுத்திப் போறதுங்கிற பேச்சே கிடையாது, ஒவ்வொண்ணையும் குறுக்கே ஏறி இறங்கணும். ஏறுற சரிவில் குழி குழியா இருக்கும், இடது சக்கரக் குழியும் வலது சக்கரக் குழியும் மாறி மாறி. உயரத்தில் எடை இருந்தா வண்டி ஒவ்வொரு குழிக்கும் பக்கவாட்டில் ஆடும். அந்த ஆட்டத்தில் ஒரு சக்கரம் தூக்கிக்கும், தூக்கின சக்கரம் சும்மா சுத்தும், வேகம் போயிடும். முகடுக்கு ரெண்டு மீட்டர் கீழே நின்னுடுவீங்க. அங்க லாக்கர் இருந்தா கொஞ்சம் உதவும், நிஜம்தான். ஆனா அந்த 168 கிலோவை இறக்கினா லாக்கரே தேவைப்படாது.

#5 பாலியாறு

மணல்மேடு அண்ணை சொன்னது முழுக்கச் சரி. ரயர் காத்து பற்றி நான் எழுதுறன்.

மவுண்ட் டேரில இருந்து டல்ஹவுசி ஊற்று வரைக்கும் 70 கி.மீ, கூர்க்கல்லுப் பாதை. அங்க காத்தை மெத்த இறக்கினா பக்கச்சுவர் வெளியில பிதுங்கி கல்லுக் கிழிச்சுப்போடும். 26 - 28 வையுங்கோ, வேகம் 60-க்கு மேல வேண்டாம். டல்ஹவுசி தாண்டி பர்னி போர் (பழைய ஆழ்துளைக் கிணறு) போனாப்பிறகு மணல்மேடுகள் தொடங்கும். அங்க நிப்பாட்டி முன்னுக்கு 18, பின்னுக்கு 20. பாரத்தைக் குறைச்சுப்போட்டு வந்தீங்களெண்டா 16, 18 காணும்.

காத்து குறைஞ்சா ரயர் அகலமாகுது எண்டுதான் கனபேர் நினைக்கினம். அகலம் கொஞ்சந்தான் கூடும். நீளந்தான் கூடும், புல்டோசர் சங்கிலி மாதிரி. வடிவா விளங்க வேணுமெண்டா வீட்டு முற்றத்தில சீமெந்துத் தரையில செய்து பாருங்கோ: 36-இல ரயர் நிலத்தில தொடுற இடத்துக்கு முன்னும் பின்னும் சோக்கால கோடு போடுங்கோ, பிறகு 18-க்கு இறக்கிப்போட்டு திரும்பவும் போடுங்கோ. ரெண்டு கோட்டுக்கும் இடையில கூடியிருக்கிற நீளந்தான் உங்களை மேட்டில ஏத்தப்போறது.

அளக்கிறது காலமை, ரயர் குளிரா இருக்கேக்க. மத்தியானம் அதே ரயர் 3, 4 பிஎஸ்ஐ கூடக் காட்டும். அதைப் பாத்து "கூடிப்போச்சு" எண்டு இறக்கினா, அடுத்த நாள் விடிய 13-இல நிப்பீங்கள். ஆகஸ்டில இரவுக் குளிர் பூச்சியத்துக்குக் கீழயும் போகும்.

#6 தென்காற்று

நன்றி அண்ணா. 14, 12 வரைக்கும் இறக்கலாம்னு சிலர் சொல்றாங்களே?

#7 பாலியாறு

இறக்கலாம், அந்த ஒரு மேட்டுக்கு மட்டும். 14-இல ஸ்டியரிங்கை முழுக்க ஒடிச்சுத் திருப்பினாலோ, பக்கச் சரிவில வழுக்கினாலோ ரிம்மில இருந்து ரயர் கழண்டு வரும். இடையில மணல் போனால் கம்பிரசரால திரும்ப இருத்தவும் ஏலாது, கழட்டித் துடைக்க வேணும். 12 எண்டுறது புதைஞ்ச வாகனத்தை வெளியில எடுக்க மட்டும். எடுத்த கையோட 16-க்கு ஏத்திப்போடுங்கோ.

இன்னொண்டு. காத்தை இறக்காமல் 28-இல ஏறுறவையாலதான் அந்தக் குழியள் உண்டாகுது. சக்கரம் துள்ளித் துள்ளி ஒரே இடைவெளியில தோண்டும், பின்னால வாற வாகனம் அதே குழியில விழுந்து இன்னும் ஆழமாக்கும். ஜூலை, ஆகஸ்டில பாதை அப்பிடிக் கெட்டுப்போறதுக்குக் காரணம் வாகனத் தொகையை விட இந்தக் காத்துத்தான். எங்களுக்குப் பின்னால வாறவைக்கும் பாதை வேணும்.

#8 ஸ்பேனர்

டயர் பத்தி ஒரு சின்ன விஷயம். கம்பெனி டயர் 265/65ஆர்17, விட்டம் 776 மி.மீ. நீங்க போட்டிருக்கிறது 803. அதாவது 3.4 சதவீதம் பெரிசு. 550 கி.மீ ஓடினா மீட்டர் 532 தான் காட்டும். டீசல் கணக்கும், ரேடியோவில் "இத்தனை கிலோமீட்டரில் இருக்கோம்"னு சொல்றதும் ஜிபிஎஸ் தூரத்தை வச்சுச் செய்யுங்க.

இப்போ டீசல். மவுண்ட் டேருக்கும் பேர்ட்ஸ்வில்லுக்கும் நடுவில் ஒரு சொட்டு கிடைக்காது. தூரம் 550-ன்னு வைங்க. வழி தப்பி, திரும்பி வந்து, ஒரே மேட்டை நாலு தடவை முயற்சி பண்றதுக்கு 20 சதவீதம் சேர்த்தா 660. இந்த எஞ்சின் மணலில் 100 கி.மீ-க்கு 18-இல் இருந்து 20 லிட்டர் குடிக்கும்னு எடுத்துக்கலாம். 20-ன்னே போட்டாலும் 132 லிட்டர். டேங்க்கில் 150. ஒரே ஒரு கேன் போதும், அதுவும் மன நிம்மதிக்கு. கூரை மேல வேண்டாம். டிக்கியில் நிமிர்த்தி வச்சு பெல்ட் போட்டுக் கட்டுங்க. பர்னி போர் போறதுக்குள்ள டேங்க்கில் 20 லிட்டர் இடம் வந்திடும், அங்கேயே ஊத்திட்டா காலி கேன் 4 கிலோதான். இது டீசலுக்கு மட்டும். பெட்ரோல் வண்டிக்காரங்க கேனை உள்ளே வைக்கவே கூடாது, ஆவி தீப்பிடிக்கும்.

அப்புறம் டிபிஎஃப், டீசல் புகையில் இருக்கிற கரியைப் பிடிக்கிற ஃபில்டர். இதைப் பத்தி யாரும் கேட்கலை, ஆனா இந்தப் பாதையில் எனக்கு அதிகக் கவலை தர்றது இதுதான். மேடுகளில் ஸ்பினிஃபெக்ஸ் புல் குத்துக்குத்தா இருக்கும். நடுவில் வளர்ந்திருக்கிற புல்லை வண்டியோட அடிவயிறு சீவிட்டே போகும். உடைஞ்ச தாளும் விதையும் அடித்தகட்டு மேல சேர்ந்து மெத்தை மாதிரி ஆகும். அதுக்கு ஒரு சாண் மேல புகைக்குழாய். டிபிஎஃப் தன்னைத்தானே எரிச்சுச் சுத்தம் பண்றப்போ அந்த இடம் கொதிக்கும். ஸ்பினிஃபெக்ஸில் பிசின் இருக்கு, பச்சையா இருந்தாலும் பத்திக்கும். வண்டி மொத்தமா எரிஞ்சு போறதுக்கு அவ்வளவு போதும்.

செய்ய வேண்டியது: உங்க மாடலில் கையால அமுக்கி எரிக்கிற சுவிட்ச் இருந்தா, மவுண்ட் டேரை விட்டுக் கிளம்பறதுக்கு முன்னாடியே வெறும் தரையில் நிறுத்தி எரிச்சு முடிச்சிடுங்க. பாதையில் எரிய ஆரம்பிச்சா நிறுத்தாம ஓட்டுங்க, நிறுத்தியே ஆகணும்னா புல்லே இல்லாத களிமண் தரையா பாருங்க. முதல் நாள் ஒவ்வொரு 20 கி.மீ-க்கும் இறங்கிக் குனிஞ்சு பாருங்க. அடித்தகட்டின் மேல்பக்கம், கியர்பாக்ஸ் குறுக்குச் சட்டம், புகைக்குழாய் வளைவு, இந்த மூணு இடம். நுனி வளைச்ச கம்பி ஒண்ணு வச்சுக்கிட்டா இழுத்துப் போட்டுடலாம், வெறும் கை வச்சா சுடும். ஒரு கிலோ தீயணைப்பான் ரெண்டு: ஒண்ணு டிரைவர் கைக்கு எட்டுற இடத்தில், ஒண்ணு டிக்கி கதவு பக்கம். தோட்டத்துக்கு மருந்தடிக்கிற 5 லிட்டர் ஸ்பிரேயரில் தண்ணி நிரப்பி வைங்க, புகைய ஆரம்பிச்ச புல்லை அணைக்க அதுதான் வாகு. ரேடியேட்டர் முன்னாடி விதை வலை கட்டணும், சாயங்காலம் கழட்டி உதறணும்.

#9 நெய்தல்

தென்காற்று, கொடியையும் ரேடியோவையும் நீங்க எழுதவே இல்லை. மணல்கொடி கட்டாயம், தரையிலிருந்து 3.5 மீட்டர் உயரத்தில். புல்பார் முனையில் கட்டுங்க. முகடு ஏறும்போது உங்க கண்ணுக்குத் தெரியறது வானமும் பானெட்டும் மட்டும்தான். எதிரில் வர்றவருக்கும் அதேதான். கொடிதான் முதலில் தெரியும்.

யுஎச்எஃப் ரேடியோவில் சேனல் 10. சும்மா "வர்றோம்"னு சொன்னா யாருக்கும் புரியாது. "மூன்று வண்டி, கிழக்கு நோக்கி, பிரெஞ்சு லைன், பெப்பல் கார்னருக்கு 20 கி.மீ மேற்கே"ன்னு சொல்லுங்க (பெப்பல் கார்னர்னா மூணு மாநில எல்லை சந்திக்கிற இடம்). அரை மணிக்கு ஒரு தடவை, ஒவ்வொரு சந்திப்பிலும் ஒரு தடவை. கடைசி வண்டி கடந்ததும் எதிர் வண்டிக்கு "மூணும் போயாச்சு"ன்னு சொல்லணும். கைபேசி சிக்னல் கிடையாது. சாட்டிலைட் போனும் அவசர பீக்கனும் வேணும், போனை முதல் வண்டியிலும் பீக்கனைக் கடைசி வண்டியிலும் வைங்க.

தெற்கு ஆஸ்திரேலியப் பக்கம் டெசர்ட் பார்க்ஸ் பாஸ், குயின்ஸ்லாந்து பக்கம் முகாம் அனுமதி தனி. டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை பூங்கா மூடியிருக்கும், உங்க தேதிக்குப் பிரச்சினை இல்லை. தெற்கு ஆஸ்திரேலியப் பக்கம் 2021-இல் இருந்து தேசியப் பூங்கா, பேரே முங்கா-திர்ரி சிம்ப்சன் பாலைவனம். வங்கங்குரு மக்கள் மண்ணில் தோண்டிய ஊற்றுகளை நம்பித் தலைமுறை தலைமுறையா வாழ்ந்த இடம் அது. பாதையை விட்டு வெளியே சக்கரம் போட வேண்டாம். குப்பை எல்லாம் திரும்ப வரணும்.

தண்ணீர் 80 லிட்டர் பத்தாது. நாலு பேர், 5 நாள், கூட 2 நாள் கையிருப்பு, ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 லிட்டர்: 140. ஒரே டேங்க்கில் வேண்டாம், ஒரு விரிசல் விழுந்தா எல்லாம் போச்சு. 20 லிட்டர் கேன்களாகப் பிரிச்சு வைங்க.

#10 தென்காற்று

தண்ணீர் இன்னும் 60 கிலோ கூடுதே அக்கா! எதைத்தான் இறக்குறது?

பேர்ட்ஸ்வில்லில் இருந்து மேற்கே போனா எங்களுக்கு வீடு திரும்ப வசதி. திசை மாத்தலாமா?

#11 மணல்மேடு

மாத்தாதீங்க. மேடுகள் தென்கிழக்கு - வடமேற்கா வரிசையா கிடக்கு. மேற்குச் சரிவு சாய்வா இருக்கும், கிழக்குச் சரிவு செங்குத்து. மேற்கிலிருந்து போனா சாய்வில் ஏறி செங்குத்தில் இறங்கலாம். எதிர்த்திசையில் போனா ஆயிரம் மேட்டையும் செங்குத்துப் பக்கமா ஏறணும், டீசலும் கூடக் குடிக்கும். மேற்கே சின்ன மேடுகள், நெருக்கமா இருக்கும். பெப்பல் கார்னர் தாண்டி கிழக்கே போற கியூஏஏ லைன் பாதையில் எண்ணிக்கை குறைஞ்சு உயரம் கூடும். கடைசியில் பேர்ட்ஸ்வில்லுக்கு 35 கி.மீ முன்னாடி பிக் ரெட்ங்கிற பெரிய மேடு, உயரம் சுமார் 40 மீட்டர். அதுக்குள்ள வண்டியில் டீசலும் தண்ணியும் பாதி தீர்ந்து எடை குறைஞ்சிருக்கும், உங்க கையும் பழகியிருக்கும்.

ஓட்டுற முறை: லோ ரேஞ்ச், சென்டர் டிஃப் லாக், விஎஸ்சி (சறுக்கல் தடுப்பு) நிறுத்தம், கியரை எஸ் பக்கம் தள்ளி மூணாவதில் பிடிங்க. ஹை ரேஞ்சில் ஏறினா டார்க் கன்வெர்ட்டர் வழுக்கி எண்ணெய் சூடாகும். ஓபிடி மீட்டரில் (வண்டி கம்ப்யூட்டரில் செருகிப் பார்க்கிறது) கியர் எண்ணெய் 120 டிகிரி தாண்டினா நிறுத்தி நியூட்ரலில் எஞ்சினை ஓட விடுங்க, அணைக்காதீங்க. வேகத்தை அடிவாரத்தில் எடுக்கணும், சரிவில் இல்லை. குழிகள் ஆரம்பிச்சதும் ஆக்ஸிலேட்டரைச் சீரா பிடிங்க; முகடுக்கு ஒரு வண்டி நீளம் முன்னாடி காலைத் தளர்த்துங்க. பறந்து இறங்கினா ஷாக் அப்சார்பர் போகும், எதிரில் ஆள் இருந்தா உயிர் போகும்.

நின்னுட்டா உடனே காலை எடுங்க. ஒரு சுத்து சுத்தினா ஒரு சாண் இறங்கும். ரிவர்ஸ் போட்டு வந்த தடத்திலேயே நேரா பின்னாடி வாங்க. சரிவில் திருப்பப் பார்க்காதீங்க, உருண்டுடும். கீழே வந்து 2 பிஎஸ்ஐ இறக்கிட்டு மறுபடி. பெரிய மேடுகளைக் காலையில் முடிங்க, ராத்திரி ஈரத்தில் மணல் இறுகியிருக்கும். ஒரு நாளைக்கு 100 - 150 கி.மீ போதும்.

பெப்பல் பக்கம் உப்பு ஏரிகள் காய்ஞ்ச மாதிரி தெரியும், மேல்தட்டுக்குக் கீழே களி. தடத்தை விட்டு ஒரு அடி நகர வேண்டாம். (அந்த எல்லைக்கம்பம் 1880-இல் நட்டப்போ அளவுச் சங்கிலி தேய்ஞ்சு நீண்டிருந்ததால் தப்பான இடத்தில் நின்னு, அப்புறம்தான் சரி பண்ணி மாத்தினாங்க. தேய்மானத்தைக் கவனிக்காட்டி என்ன ஆகும்னு அங்க நிக்கிறப்போ நினைச்சுக்குங்க.) ஐர் க்ரீக் ஓடையில் வெள்ளம் இருந்தா வடக்கே சுற்றுப்பாதை, கிளம்பறதுக்கு முன்னாடி கேட்டுக்கணும்.

#12 பாலியாறு

மீட்புக்கு: ஏறேக்க நிண்ட வாகனத்தை முன்னுக்கு இழுக்க வெளிக்கிடாதேங்கோ, அநேகமா பின்னுக்குக் கீழ இழுக்கிறதுதான் சுகம். முன்னுக்குத்தான் இழுக்க வேணுமெண்டா, இழுக்கிற வாகனம் முகட்டுக்கு அங்கால சமதரையில நிக்க வேணும். அதுக்கு 9 மீட்டர் இழுவைப் பட்டி காணாது, நீட்டிப்புப் பட்டியும் கொண்டுபோங்கோ. பிராடோவுக்கும் ஹைலக்ஸுக்கும் 8,000 கிலோ பட்டி சரி. கொக்கி மாட்டுறது தரம் குறிச்ச மீட்பு முனையில மட்டும். டோ போல் அறுந்தால் அது குண்டு மாதிரிப் பறக்கும், அதில ஒருக்காலும் மாட்டக் கூடாது. வின்ச் இருக்கு எண்டு நம்பாதேங்கோ, கட்ட மரம் இல்லை. நீளப்பிடி மண்வெட்டியும் மீட்புப் பலகை நாலும் அதைவிடக் கூட வேலை செய்யும்.

#13 ஸ்பேனர்

எதை இறக்கலாம்னு கேட்டீங்க. ஸ்டெப்னி: பிராடோவும் ஹைலக்ஸும் 6 போல்ட், போல்ட் வட்டத்தின் விட்டம் 139.7 மி.மீ. லேண்ட்க்ரூஸர் 200-க்கு 5 போல்ட், 150. ஹைலக்ஸ்காரரையும் 265/70ஆர்17 போடச் சொன்னா உங்க ரெண்டு பேருக்கும் சேர்த்து ரெண்டு ஸ்டெப்னி ஆயிடும், கூரை மேல மூணாவது வேண்டாம். லேண்ட்க்ரூஸர்தான் தனி ஆள், அவர் ரெண்டு வச்சுக்கட்டும்.

ஸ்டீல் புல்பாரும் இரண்டாவது பேட்டரியும் சேர்ந்த பிராடோவில் முன் மட்கார்டின் உட்தகடு விரிசல் விடும். பேட்டரித் தட்டுக்குக் கீழே பெயிண்ட் மயிரிழை மாதிரி வெடிச்சிருக்கான்னு டார்ச் அடிச்சுப் பாருங்க. கீழ் ஆர்ம், ஷாக் கண், புல்பார் போல்ட் எல்லாத்தையும் டார்க் ரெஞ்சில் முடுக்கிட்டு, நட்டுக்கும் சட்டத்துக்கும் குறுக்கே வெள்ளை பெயிண்ட் பேனாவால் ஒரு கோடு. தினமும் சாயங்காலம் கோடு உடைஞ்சிருக்கான்னு மட்டும் பார்த்தா போதும், ஸ்பேனரே எடுக்க வேண்டாம்.

#14 தென்காற்று

திருத்தின கணக்கு. ரேக், கூரை டென்ட், ஸ்டெப்னி, ஒரு கேன் இறங்கியாச்சு: 147 குறைவு. டிராயருக்குப் பதில் பிளாஸ்டிக் பெட்டி: 55 குறைவு. தரை டென்ட் 18, தண்ணீர் 60 கூடுது. 822 வந்தது, இன்னமும் 157 அதிகம். அதனால் நண்பர்கள் ரெண்டு பேரை மத்த ரெண்டு வண்டிக்கும் ஆளுக்கு ஒருத்தரா மாத்திட்டோம். ஆள் 135, தண்ணீர் 70, சாமான் 35 குறையுது. 582. அனுமதிக்கு 83 கிலோ கீழே. லாக்கர் போடலை, அந்தக் காசில் சாட்டிலைட் போன்.

#15 ஸ்பேனர்

நல்ல முடிவு. ஆனா மாத்தின ரெண்டு பேரோட எடை மத்த ரெண்டு வண்டியில் ஏறியிருக்கு, அவங்களையும் இதே கணக்கு போடச் சொல்லுங்க. ஹைலக்ஸில் பின்னால் ஸ்பிரிங்குக்கு உதவியா காற்றுப்பை வச்சு சுமை ஏத்தியிருந்தா சேஸிஸ் சட்டம் அந்த இடத்தில் வளையும், அதையும் கேளுங்க.

எழுதின எடை வேற, ஏத்தின எடை வேற. எல்லாம் ஏத்தி, டேங்க் நிரப்பி, ஆளும் உட்கார்ந்து எடைமேடையில் நிறுத்துங்க. முதலில் முன் அச்சு மட்டும், அப்புறம் முழு வண்டி, கடைசியில் பின் அச்சு மட்டும். மொத்தம் சரியா இருந்தும் பின் அச்சு தாண்டுறது சகஜம். மூணு எடைச் சீட்டையும் இங்க போடுங்க, பின் டயருக்கு 18-ஆ 20-ஆன்னு அதைப் பார்த்துட்டுச் சொல்றேன்.